லூவீனியா பாட மறுத்தார்

வார்டு ரேடியோவின் மேல் தேநீர்க் கோப்பையை வீசியவர் மிஸஸ் ப்ரூவர் என்று கேட்டதும் அனுசூயாவால் நம்ப முடியவில்லை. இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்வதற்குள் மூச்சு இரைக்கிற மனுஷி அவர். எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. வந்து சேர்ந்த நாளிலிருந்து நர்சுகளிடம் ஒரு சுடுசொல் பேசியதில்லை. அப்படிப்பட்டவர் எறிந்த கோப்பை ரேடியோவின் முகத்தை உடைத்துவிட்டது. சுவரில் தேநீர் வழிந்துகொண்டிருந்தது.

நடந்ததை நர்ஸ் தெரேஸ் சொன்னாள். மத்தியான நிகழ்ச்சியில் பழைய கறுப்பர் பாட்டு ஒன்று போட்டார்களாம். ப்ளூஸ் என்று பெயராம். பாடியவள் ‘வீப்பிங் லூ’, அதாவது அழுகிற லூ. மெம்ஃபிஸ் நகரத்துச் சாராயக்கடை ஒன்றில் காதலன் கையால் குத்துப்பட்டு முப்பத்துநாலாம் வருஷமே செத்துப்போனாள் என்று அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கச் சொன்னாராம். மிஸஸ் ப்ரூவர் பாட்டு முடிகிறவரைக்கும் அசையாமல் கேட்டார். அதற்குப் பிறகுதான் கோப்பை பறந்தது. அது நான், நான்தான் அது என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். பயிற்சி டாக்டர் மயக்க ஊசிக்கு எழுதிவைத்துவிட்டார். மனநல டாக்டருக்கும் சொல்லியனுப்பியாகிவிட்டது.

அனுசூயா நுரையீரல் நிபுணர். சென்னையில் படித்து, எடின்பரோவில் மேல்படிப்பை முடித்து, அறுபத்தேழாம் வருஷ எக்ஸ்போ கண்காட்சிக்கு முந்தின வருஷம் கனடாவின் மொன்ட்ரியாலுக்கு வந்தவள். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் நோயாளி கண்டதையும் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்போடுதான் கட்டிலருகே போனாள். நாடி பார்த்தாள், நகத்தின் நிறம் பார்த்தாள். இன்றைக்கு என்ன கிழமை, பிரதம மந்திரி யார் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். மிஸஸ் ப்ரூவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டுத் தானும் ஒன்று கேட்டார்.

“டாக்டர், நீங்க என் உடம்பை முழுசாப் பார்த்திருக்கீங்க. கத்திக்குத்து எங்கயாவது தெரிஞ்சுதா?”

இல்லை என்றாள் அனுசூயா.

“அப்ப அந்த ஊசியை அந்த அறிவிப்பாளருக்குப் போடச் சொல்லுங்க.”

அனுசூயா ஊசிக்கான உத்தரவைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அவர் சொல்வதை முழுக்க நம்பி அடித்தாள் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்களில் இருந்தது குழப்பம் இல்லை, கோபம். கோபத்துக்கு ஊசி போடுவதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாட்களில், மூச்சு இடம் கொடுத்தபோதெல்லாம், மிஸஸ் ப்ரூவர் தன் கதையைச் சொன்னார். முதல் பெயர் லூவீனியா. பிறந்தது அலபாமாவில். சின்ன வயதிலேயே கூடாரம் அடித்துக் கச்சேரி நடத்தும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் பாடப் போனவர். ஒரே அண்ணன், எஸ்ரா. வேலையில்லாமல் ரயில் நிலையத்தில் நின்றான் என்று அவனைப் பிடித்துக் கைதியாக்கி, மர அறுவை ஆலை ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார்கள். போனவன் திரும்பவில்லை. உடலைக் கேட்டுப் போன தங்கைக்கு ஆலைக்காரன் கேட்டைத் திறக்கவில்லை. மழையில் நாள் பூராவும் நின்றார். அங்கே நின்று கட்டியதுதான் அந்தப் பாட்டு. கேட்டைத் திற கேப்டன், என் முகத்தில் வழிவது மழை, அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்று வரும். கைதிகளை மேய்க்கிறவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.

சிகாகோவில் அதை ப்ளேட்டாகப் போட்டார்கள். பதிவுசெய்த கம்பெனிக்காரன் கேட்டுவிட்டு, ஆகா, என்னமாக அழுகிறது இந்தக் குரல் என்றான். அவரைக் கேட்காமலே ‘வீப்பிங் லூ’ என்று லேபிளில் அச்சடித்தான்.

“அழலைன்னு நானே பாட்டுல சொல்லியிருக்கேன். அப்படியும் அவனுக்கு அழுகைதான் கேட்டுது. கறுப்புப் பொம்பளை கோபப்பட்டா இவங்க காதுல அது அழுகையாத்தான் விழும்” என்றார் மிஸஸ் ப்ரூவர்.

இன்னும் சில ப்ளேட்டுகள் வந்தன. பிறகு நாடே நொடித்துப்போய் ப்ளேட் வாங்க ஆளில்லாமல் போயிற்று. ரயிலில் படுக்கைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த மொன்ட்ரியால்காரர் வில்லி ப்ரூவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தார். சென்ட் அன்டுவான் தெருவைச் சுற்றிக் கறுப்பர்கள் குடியிருந்த பகுதியில் சில வருஷம் கிளப்புகளில் பாடினார். புருஷன் இறந்துபோன பிறகு வெஸ்ட்மவுன்ட் பங்களாக்களில் துடைத்துப் பெருக்கினார். சமீபத்தில் புதுச் சாலையும் புதுக் குடியிருப்பும் வருகிறதென்று அவர் இருந்த வீட்டையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள்.

அனுசூயா டவுனில் ஒரு கடையில் அந்த இசைத்தட்டைத் தேடி வாங்கினாள். நியூயார்க்கில் போட்ட புது எல்.பி. அட்டையில் பருத்திக் காட்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் யாரோ ஒரு பெண்ணின் படம். பின்பக்கம் நெடுகக் கட்டுரை. எழுதியவர் டக்ளஸ் ஹேவர்ட், இதே ஊரில் பல்கலைக்கழகப் பேராசிரியர். கத்தி, ரத்தம், காதலன், அடையாளமில்லாத புதைகுழி எல்லாம் அதில் இருந்தன.

வார்டுக்குக் கிராமபோன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் போட்டாள். மிஸஸ் ப்ரூவர் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பியில் விரலால் தட்ட ஆரம்பித்தார். விரல் ஒரு வேகத்தில் போனது, பாட்டு பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தது. பழைய ப்ளேட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றியவர்கள் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றார். தன் குரல் அதில் தடித்து, தொய்ந்து, ஒப்பாரி மாதிரி ஆகிவிட்டதாம். “இப்ப நிஜமாவே அழ வச்சுட்டானுங்க” என்று சொல்லி, பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அனுசூயா ஹேவர்டுக்கு ஃபோன் செய்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். இந்த மாதிரி உரிமை கொண்டாடி வரும் பாட்டிகளைப் பார்த்துப் பழகிவிட்டதாம். மெம்ஃபிஸில் சடலத்தைக் கண்ணால் பார்த்த ஆளையே தான் பேட்டி கண்டிருப்பதாகச் சொன்னார். டாக்டர் எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும், இந்த இசையின் பின்புலம் உங்களுக்குப் புரிவது கஷ்டம் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு வைத்தார். அனுசூயாவுக்குக் காதோரம் சுட்டது.

அந்த வாரம் நவராத்திரி. பார்க் எக்ஸ்டென்ஷனில் சிநேகிதி ரமா வீட்டுக் கொலுவுக்கு அனுசூயாவும் கணவர் சுந்தரராஜனும் போயிருந்தார்கள். சுந்தரராஜன் சென்ட் லோரன்டில் விமானத் தொழிற்சாலையில் எஞ்சினியர். வம்பு தும்பு பிடிக்காதவர். போன வருஷம் பிரெஞ்சுப் பிரிவினைக்காரர்களைப் பிடிக்க ஊருக்குள் பட்டாளம் இறங்கியபோது, வெளிநாட்டுக்காரன் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்தி என்று முடிவு கட்டியவர்.

சுண்டல் கொடுத்தானதும் ரமா பழைய காதல் பாட்டான ஜாவளி ஒன்று பாடினாள். நன்றாகவே பாடினாள். எல்லாரும் பாராட்டினார்கள். அவளுக்கும் உற்சாகம் வந்து, பாட்டின் கதையைச் சொன்னாள்.

“இதெல்லாம் ஒரு காலத்துல எங்கயோ கிடந்த பாட்டு. நம்மள மாதிரி குடும்பத்துப் பொண்ணுங்க பாட ஆரம்பிச்சப்புறம்தான் இதுக்கு ஒரு மரியாதை வந்துது.”

அனுசூயா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“எங்கயோ கிடக்கல ரமா. எங்க அம்மா ப்ளேட்ல கிடந்துது. கும்பகோணம் வேதவல்லி. லேபிள்ல பேரு போட்டிருக்கும், தேடிப் பாரு.”

ரமா சுண்டல் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள். அனுசூயாவின் தாய், கோயிலில் ஆடியும் பாடியும் வந்த குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவள் குரல் தமிழ்நாடெல்லாம் கிராமபோனில் கேட்டது. வக்கீல் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார், அத்தோடு பாட்டு நின்றது. ப்ளேட்டுகள் டிரங்குப் பெட்டிக்குள் போயின. பின்னாளில் சபாக்களில் வேறு பெண்கள் அதே ஜாவளியைப் பாட, வேதவல்லி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வக்கீல் மனைவியாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். சமையலறையில் பாத்திரங்கள்தான் சத்தம் போடும். சுந்தரராஜன் இங்கே எல்லாரிடமும் மாமியார் வக்கீல் வீட்டம்மா என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

காரில் திரும்பும்போது அவர் கேட்டார். “எல்லார் முன்னாடியும் சொல்லியே ஆகணுமா?”

“எங்க அம்மா பேரைச் சொன்னேன். அதுல என்ன தப்பு?”

“தப்புன்னு சொல்லல அனு. நமக்கு எதுக்கு இந்த வம்பு? உன் ஆஸ்பத்திரியில இருக்கற அந்த அம்மா விஷயமும் அப்படித்தான். நீ டாக்டர். வைத்தியம் பாரு, போதும்.”

வீடு வந்ததும் கார்க் கதவை அவள் அறைந்த சத்தத்தில் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

நவம்பரில் பல்கலைக்கழகத்தில் வீப்பிங் லூவுக்கு நினைவு அஞ்சலி என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மிஸஸ் ப்ரூவர் போயே ஆக வேண்டும் என்றார். சுந்தரராஜன் வரவில்லை. சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் சிலிண்டர் சகிதம் அனுசூயா டாக்ஸி பிடித்து அவரை அழைத்துப்போனாள். மிஸஸ் ப்ரூவர் நீலத் தொப்பி அணிந்து, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

அரங்கம் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் நீளமுடி வைத்த வெள்ளைக்கார மாணவர்கள். ஹேவர்ட் பேசினார். ஒரு இனத்தின் துயரமே அந்தக் குரல் என்றார். பொன்னிற முடிக்காரப் பெண் ஒருத்தி கிதாருடன் வந்து அந்தப் பாட்டைப் பாடினாள். எல்.பி.யில் கேட்டதைவிட இன்னும் மெதுவாக, வரிக்கு வரி விம்மிப் பாடினாள். கேட்டைத் திற என்ற இடத்தில் நிஜமாகவே அழுதாள். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சினார்கள். மிஸஸ் ப்ரூவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

கேள்வி நேரம் வந்ததும் அனுசூயா எழுந்து, யாரைப் புதைத்துவிட்டதாகச் சொல்கிறீர்களோ அவர் இங்கே இருக்கிறார் என்றாள். தலைகள் திரும்பின. சிலர் சிரித்தார்கள். ஹேவர்ட் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து நாற்காலி முன் குனிந்தார்.

“அம்மா, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் பாட்டில் சில வரிகள் பாடுங்கள். எல்லோருடைய சந்தேகமும் தீர்ந்துவிடும்.”

அரங்கம் கைதட்டியது. மிஸஸ் ப்ரூவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். பேசுவதற்கு வேண்டிய மூச்சு சேரும்வரை காத்திருந்தார்.

“இவர்தான் பேராசிரியர்னு நீங்க எல்லாரும் நம்பறீங்க. அதுக்கு இவரைப் பாடச் சொல்லி யாராவது கேட்டீங்களா?” கொஞ்சம் நிறுத்தினார். “ஒரு தடவை பாடிட்டேன். பாட்டு உங்ககிட்டதான் இருக்கு. நான் சாகலன்னு காட்டறதுக்காக இன்னொரு தடவை பாட மாட்டேன்.”

ஹேவர்ட் வருத்தத்தோடு கையை விரித்தார். பாட முடியாதவர் பாட மறுக்கிறார் என்று அரங்கம் எடுத்துக்கொண்டது. அனுசூயா மறுபடி எழுந்து பேச ஆரம்பித்தாள், கோபத்தில் வார்த்தை குழறியது. சென்னை உச்சரிப்பு தடித்தது. பின்னாலிருந்து யாரோ அதைப் போலவே பேசிக்காட்டினான். இது ஆராய்ச்சி விஷயம், மருத்துவ விஷயம் அல்ல என்று ஹேவர்ட் சொன்னார். இரண்டு பெண்களும் வெளியே வந்தார்கள். டாக்ஸியில் மிஸஸ் ப்ரூவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. ஒரு கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அனுசூயாவும் அதைச் சொன்னாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. அரங்கின் கடைசி வரிசையில் கறுப்பர்களின் வாரப்பத்திரிகையில் எழுதும் ஒரு பெண் இருந்தாள். நடந்ததை அப்படியே எழுதிவிட்டாள். அதைப் படித்துவிட்டு சென்ட் அன்டுவான் தெருவில் மிச்சமிருந்த பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். ஓய்வுபெற்ற ரயில் தொழிலாளிகள், சர்ச் பாடகர்கள், கிளப்பில் பியானோ வாசித்தவர், லூவீனியாவுக்குத் துணி தைத்தவள் என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும். யார், என்ன பாடினார், என்ன பெயரில் ப்ளேட் போட்டார் எல்லாம் தெரியும். அந்தத் தெருவில் அது ரகசியமே இல்லை. ஹேவர்டின் அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். மெம்ஃபிஸ் வரைக்கும் போன மனுஷர் அந்தக் கீழ்த்தெருவில் இறங்கி ஒருத்தரையும் கேட்டதில்லை.

சர்ச்சுக்குப் போகிற உடுப்பு போட்டுக்கொண்டு அவர்கள் கூட்டமாக ஹேவர்டின் அலுவலகத்துக்குப் போனார்கள். பியானோக்காரர் மட்டும் பேசினார், மற்றவர்கள் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்கள் என்று அனுசூயா பிறகு கேள்விப்பட்டாள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் ஹேவர்ட் வார்டுக்கு வந்தார். ஒரு கையில் பூங்கொத்து, மற்றதில் டேப் ரிக்கார்டர். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்டார், மனதாரவே கேட்டார். பிறகு டேப் ரிக்கார்டரைக் கட்டில் மேல் வைத்து, இப்போதிருக்கும் குரலில் ஒரே ஒரு தடவை பாடினால் அது வரலாறு ஆகிவிடும் என்றார்.

மிஸஸ் ப்ரூவர் அந்தப் பெட்டியைப் போர்வையோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். ஹேவர்ட் பிடித்துக்கொண்டார். தனக்கு வேண்டியதை மிஸஸ் ப்ரூவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சாவுக் கதையை எடுக்க வேண்டும். பருத்திக்காட்டுப் பெண்ணை எடுக்க வேண்டும். வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். அழுகிற லூவை எடுத்துவிட்டு லூவீனியா ப்ரூவர் என்று போட வேண்டும்.

மற்றதெல்லாம் செய்துவிடலாம், பெயர்தான் கஷ்டம் என்றார் ஹேவர்ட். கம்பெனி ஒப்புக்கொள்ளாதாம். ஜனங்களுக்கு உங்களை வீப்பிங் லூ என்றுதான் தெரியும் என்றார்.

“அப்ப ஜனங்களுக்கு என்னைத் தெரியாது. போயிட்டு வாங்க.”

பூங்கொத்தை அனுசூயாவே எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில், ஒரு பனிப்புயல் ஓய்ந்த காலையில், மிஸஸ் ப்ரூவர் இறந்துபோனார். கடைசி நாட்களில் பேச மூச்சில்லை. ஆனாலும் புது நர்ஸ் ஒருத்தி அவரை லூ என்று செல்லமாகக் கூப்பிட்டபோது, கையை உயர்த்தி ஆட்டி மறுத்ததை அனுசூயா பார்த்தாள்.

சர்ச்சில் நடந்த இறுதிச் சடங்குக்கு சுந்தரராஜனும் வந்தார். அவராகவே கோட்டு போட்டுக்கொண்டு காரை எடுத்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தெருக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து லூவீனியாவைப் பற்றிப் பேசினார்கள். அவர் வாய்த்துடுக்கை, அவர் போட்ட சண்டைகளை, வீட்டை இடிக்க வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில் சுந்தரராஜன் காரை மெதுவாக ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, உங்க அம்மாவோட ப்ளேட்டெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு என்று கேட்டார். சென்னையில் தம்பி வீட்டுப் பரணில் என்றாள். வரவழைக்க முடியுமா என்று கேட்டார்.

மறு வருஷம் எல்.பி.யின் புதுப் பதிப்பு வந்தது. டவுன் கடையில் அதைக் கையில் எடுத்ததும் அனுசூயாவுக்கு முதலில் சந்தோஷம்தான். பருத்திக்காடு போயிருந்தது. அதன் இடத்தில் மழையில் நனையும் ஒரு ஜன்னல். மேலே கொட்டை எழுத்தில் ‘வீப்பிங் லூ’. கீழே, கண்ணுக்கு ஒட்டவைத்துப் படிக்கிற அளவில், லூவீனியா ப்ரூவர். பின்பக்கம் திருப்பினாள். கத்தியும் காதலனும் இல்லை. அதற்குப் பதிலாக, மொன்ட்ரியாலில் யாருக்கும் தெரியாமல், மறக்கப்பட்டு, தனிமையில் கண்ணீரோடு மறைந்தார் என்று இருந்தது.

யாருக்கும் தெரியாமல். அந்த வரியை அவள் நின்ற இடத்திலேயே பலமுறை படித்தாள். சர்ச்சில் நிற்க இடமில்லாமல் படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது கண்முன் வந்தது. கைப்பையைத் திறந்தாள். எக்ஸ்ரே படங்களில் பெயர் எழுதுகிற தடித்த கறுப்புப் பேனா உள்ளே இருந்தது. முதல் அட்டையில் ‘வீப்பிங் லூ’ என்பதை அடித்தாள். திருப்பிப் போட்டு ‘யாருக்கும் தெரியாமல்’ என்பதை அடித்தாள். கண்ணீரையும் அடித்தாள். அடுத்த அட்டையை எடுத்தாள். புடவை மேல் கம்பளிக் கோட்டு போட்ட ஒரு டாக்டரம்மா அப்படிச் செய்வாள் என்று யாரும் எதிர்பார்க்காததால், வரிசை தீரும் மட்டும் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கடைக்காரர் ஓடிவந்து, மதாம், மதாம் என்று பதறினார். பேனாவைப் பிடுங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை. போலீசைக் கூப்பிடட்டுமா என்றார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் சொல்கிறேன் என்றாள். கடைசியில் அவர் அவளுடைய வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்யச் சம்மதித்தார்.

சுந்தரராஜன் தொழிற்சாலை அடையாள அட்டையைச் சட்டையில் குத்தியபடியே வந்தார். கடைக்காரர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கொட்டித் தீர்க்க, அவர் தலையை ஆட்டிக்கொண்டே அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பக்கத்தையும் படித்தார். அனுசூயா என்ன திட்டு வாங்கினாலும் சரி என்று சுவரோரம் நின்றாள்.

“இந்தப் பாடகிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என் மனைவி. கடைசி வரைக்கும் கூட இருந்தவள்” என்று அவர் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். “கோடு போட்டு அடிச்சதெல்லாம் பொய். மிச்சம் இருக்கறது நிஜம். எல்லாத்தையும் நாங்களே விலைக்கு எடுத்துக்கறோம்.”

தட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நடைபாதையில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. காரின் பின்சீட்டில் தட்டுகளை வைத்துவிட்டு சுந்தரராஜன் கேட்டார்.

“இந்தத் தட்டு வேற எந்தக் கடையில இருக்கும்?”

“பீல் ஸ்ட்ரீட்ல ஒண்ணு இருக்கு.”

“பேனால மை இருக்கா?”

இருக்கு என்றாள். அவர் காரைக் கிளப்பினார்.